ஊசி தொடாத மருந்து

பாதத்தின் முன்பகுதியில், மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே, பார்ப்பவர் கண்ணுக்கு வீக்கமோ சிவப்போ புலப்படாதிருக்கையிலேயே, நடந்து செல்பவரை நடுத்தெருவில் நிற்கவைத்து, காலணியைக் கழற்றி விரல்களைப் பிடித்துவிட்டுக் கொள்ளும்படி செய்யும் ஒருவகை நரம்பு வலி உண்டு. காலணிக்குள் கூழாங்கல் ஒன்று கிடந்து உறுத்துவதுபோல் இருக்கிறது என்று சொல்லாத நோயாளி அரிது. கழற்றி உதறிப் பார்த்தால் கல் ஒன்றும் விழாது. உள்ளங்காலின் உட்பக்க நரம்பிலிருந்து ஒரு கிளையும் வெளிப்பக்க நரம்பிலிருந்து ஒரு கிளையும் பெரும்பாலோர்க்கு அவ்விடத்தில் வந்து கூடுகின்றன. விரல்களைத் தாங்கும் நீண்ட எலும்புகளின் தலைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கு நார்ப்பட்டையின் கீழே அந்த நரம்பு ஓயாமல் நெருக்குண்டு, தன்னைச் சுற்றி நார்த் திசுவை வளர்த்துக்கொண்டு தடித்துப் போகிறது. முனை குறுகிக் குதிகால் உயர்ந்த காலணிகளை அணிவோர்க்கு, அதிலும் நடுவயதுப் பெண்களுக்கு, இந்த உபாதை மிகுதி. இதற்குரிய பல சிகிச்சைகளில் ஒன்று, ஸ்டீராய்டு மருந்தை ஊசியே குத்தாமல் மின்சாரத்தின் துணையால் தோலினூடே செலுத்துவது. பார்வைக்கு மிக நவீனமாகத் தோன்றும் அந்த முறையின் சரித்திரம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதையும், அந்தச் சரித்திரம் முழுவதும் ஒரே சந்தேகம் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதையும் அறிந்தவர் சிலரே.

முதலில் வலியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் பிஸ்டோயா நகரத்தைச் சேர்ந்த பிலிப்போ சிவினினி என்னும் சரீர சாஸ்திர நிபுணர், 1835-ஆம் ஆண்டில், இறந்தோரின் பாதங்களை அறுத்து ஆராய்கையில் உள்ளங்கால் நரம்பில் முடிச்சுப்போன்ற ஒரு தடிப்பைக் கண்டு எழுதிவைத்தார். அதைக் கண்டவருக்கு அது வலித்ததா என்று கேட்க வழியில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1845-இல், இங்கிலாந்தில் விக்டோரியா அரசியாரின் பாத வைத்தியராக இருந்த லூயிஸ் டர்லாக்கர், காலாணி, நகக்கேடு முதலியவற்றைப் பற்றித் தாம் எழுதிய நூலில், அதே இடத்து நரம்பு வலியை நோயாளிகளின் வாய்மொழியிலிருந்து வர்ணித்தார். அவருக்கோ உள்ளே அறுத்துப் பார்க்க வாய்ப்பில்லை. ஒருவர் முடிச்சைக் கண்டார், மற்றொருவர் வலியைக் கேட்டார். இரண்டையும் முடிபோட ஆளில்லை. 1876-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியா ஆஸ்பத்திரியின் சத்திர வைத்தியர் தாமஸ் ஜார்ஜ் மார்ட்டன், பல நோயாளிகளின் வரலாறுகளைத் திரட்டி இவ்வலியைத் தனி வியாதியாக நிலைநாட்டினார். ஐந்தாம் எலும்பின் தலை நான்காவதன் மேல் சாய்ந்து இடைப்பட்ட நரம்பை நசுக்குகிறது என்பது அவர் சித்தாந்தம். ஆகவே நான்காம் விரலின் அடி மூட்டையே வெட்டியெடுப்பது அவர் கண்ட பரிகாரம். குற்றவாளியை விட்டுவிட்டு அண்டை வீட்டாரைத் தண்டித்த கதைதான் அது. ஆயினும் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. தடித்த நரம்பே வலிக்குக் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து வைத்தியர் பெட்ஸ் எடுத்துக்காட்டி, அந்நரம்பை அறுத்து நீக்கிய தம் அனுபவத்தை வெளியிட்டது 1940-இல்தான்.

கத்தியை நாடுமுன் வைத்தியர்கள் நாடுவது ஊசியை. இதில் ஒரு விநோதம் உண்டு: தோலடியில் மருந்து செலுத்தும் ஊசி என்னும் கருவி பிறந்ததே நரம்பு வலியின் பொருட்டுத்தான். 1844-இல் டப்ளின் நகரத்து மீத் ஆஸ்பத்திரியில் பிரான்சிஸ் ரின்ட் என்பவர், முகத்து நரம்பு வலியால் வருந்திய ஒரு பெண்மணிக்குக் குழாயுள்ள கூர்முனையால் தோலைத் துளைத்து மார்ஃபின் என்னும் மருந்தின் திரவத்தை வழியவிட்டார். 1853-இல் எடின்பரோவின் அலெக்சாண்டர் உட், கண்ணாடிப் பீச்சுக்குழலையும் ஊசியையும் சேர்த்து, வலிக்கும் இடத்திலேயே அபின் சத்தைச் செலுத்தும் முறையை ஆரம்பித்து, இரண்டு ஆண்டுகளில் அதைப் பிரசுரமும் செய்தார். மருந்து எங்கே வேண்டுமோ அங்கே போய்ச் சேரும் என்பது அதன் மேன்மை. ஆனால் பாதம் ஊசிக்கு இணங்கும் உறுப்பு அன்று. உள்ளங்காலின் தோல் தடித்தது, உணர்ச்சியோ மிகுந்தது. ஆகையால் ஊசியைப் பாதத்தின் மேற்புறத்திலிருந்து எலும்புகளுக்கு நடுவே இறக்குவதே வழக்கமாயிற்று. பிற்காலத்தில் ஸ்டீராய்டு வந்தபின், அது பரவிய இடத்தில் தோல் வெளுத்துப்போவதும், உள்ளங்காலைத் தாங்கும் கொழுப்பு மெத்தை கரைந்து மெலிவதும் கண்டறியப்பட்டன. தவிர, நோயாளியின் அச்சம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்தப் பாட புத்தகமும் அளந்து காட்டுவதில்லை. துளையாமல் மருந்தை உட்புகுத்த வேண்டும் என்ற ஆவல் இந்த அச்சத்திலும் வேரூன்றியதே.

பாத வலிக்கு மின்சாரத்தை நாடுவது மிகப் பழைய வழக்கம். மின்சாரம் என்ற ஒன்று உண்டென்பதே அறியாத காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில், ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாதத்தால் காலில் வலி கண்டவன் அலை வந்து நனைக்கும் கடற்கரையில், தொட்டாரை மரத்துப்போகச் செய்யும் உயிருள்ள திருக்கை மீன் ஒன்றின்மேல் பாதத்தை வைத்து, முழங்கால்வரை உணர்ச்சி மரக்குமட்டும் நிற்கவேண்டும் என்று விதித்தார். அதில் மருந்து ஏதுமில்லை. மீனின் அதிர்ச்சியே சிகிச்சை. மின்சாரத்தை ஒரு வாகனமாக்கி, அதன்மேல் மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்பலாம் என்ற எண்ணம் உதித்தது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், வெனிஸ் நகரத்தில்.

அந்த எண்ணத்துக்கு உரியவர் ஜியான் பிரான்செஸ்கோ பிவாத்தி. தொழிலால் வைத்தியர் அல்லர், சட்டம் பயின்றவர். கண்ணாடி உருளையைச் சுழற்றித் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகும் என்பது அப்போது ஐரோப்பாவின் சபைகளில் வேடிக்கைப் பொருளாக இருந்தது. பிவாத்தி அந்த உருளையின் உட்புறத்தில் பெரு தேசத்து நறும்பிசினைப் பூசி, காற்றும் புகாதபடி அடைத்து, அதனால் மின்னேற்றினால் பிசினின் குணமும் மணமும் கண்ணாடியை ஊடுருவி நோயாளியின் சரீரத்தில் சேரும் என்று 1747-இல் வெளியிட்ட கடிதத்தில் அறிவித்தார். விலாவில் வலி கண்ட ஒருவன் அவ்வாறு சிகிச்சை பெற்று வீடு சென்று உறங்கினானாம். வியர்த்ததில் உடையும் படுக்கையும் அறையும் மணத்தனவாம். விழித்தெழுந்து தலை வாரிக்கொண்டால் சீப்பும் மணத்ததாம். இதைவிடப் பெயர் பெற்றது செபெனிக்கோ நகரத்துப் பிஷப்பான தொனதோனி குணமான கதை. எழுபத்தைந்து வயதான அந்த முதியவர் பல்லாண்டுகளாகக் கை கால் வலியால் முடங்கிக் கிடந்தவர், விரல் மடங்காது, முழங்கால் வளையாது. வலியைக் கரைக்கும் சரக்குகள் நிரப்பிய உருளையைக் கொண்டு அவருக்கு மின்னேற்றியதும், இரண்டொரு நிமிஷத்தில் கைகளை விரித்து மூடினார், எழுந்து நடந்தார், பிறர் துணையின்றி மாடிப்படி இறங்கினார் என்று பிவாத்தி எழுதினார். ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் வெளியிட்ட மின்சாரத்தின் சரித்திரத்தில் இந்த வரலாறுகளை ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே நம்பிக்கையின்மை வரிக்கு வரி தெரிகிறது.

ஐரோப்பாவில் இது பெரும் பரபரப்பாயிற்று. இத்தாலியில் கண்டது பாரிஸில் ஏன் காணவில்லை என்று வியந்த நோலே பாதிரியார், அக்காலத்து மின்சார ஆராய்ச்சியில் பிரான்சு தேசத்தின் தலைவர், 1749-இல் தாமே மலை கடந்து இத்தாலிக்குப் போனார். டூரினில் பியாங்கி என்ற வைத்தியர், பேதி மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மின்னேற்றிக்கொண்டால் பேதியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நோலே பலரை வைத்துப் பரீட்சித்ததில் ஒருவருக்கும் அவர் கூறியபடி ஆகவில்லை. வெனிஸில் பிவாத்தியோ, பலர் கூடிய சபையிலே தம் நறுமண உருளையின் மகிமையைக் காட்ட முடியாமல், அது ஓரிருமுறைதான் பலித்தது என்றும் அந்த உருளை பிறகு உடைந்துவிட்டது என்றும் சமாதானம் சொன்னார். லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் விங்க்ளர் தமக்குக் கைகூடியது என்று சாதித்து, பிசின் அடைத்த கண்ணாடிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கே அனுப்பிவைத்தார்; 1751-இல் வாட்சன் என்னும் அறிஞரின் முன்னிலையில் அவற்றைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குப் பிசினின் வாசனை வரவில்லை. அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்கு அப்பால், பிலடெல்பியாவில், பெஞ்சமின் பிராங்க்ளினும் பல பரீட்சைகள் செய்து, மருந்தின் சத்து மின்சாரத்தோடு கலந்து செல்வது இயலாது என்று காட்டினார். பாத வலிக்குப் பெயர் தந்த மார்ட்டன் வேலை பார்த்த பென்சில்வேனியா ஆஸ்பத்திரி, இதே பிராங்க்ளின் தாமஸ் பாண்டு என்ற வைத்தியரோடு சேர்ந்து அதே 1751-இல் தோற்றுவித்தது. மார்ட்டன் அதன் சரித்திரத்தையும் பின்னாளில் எழுதினார். நோய் பெயர்பெற்ற ஊரிலேயே, அந்நோய்க்கு வரப்போகும் மருந்துமுறை நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பொய்யென்று தள்ளப்பட்டது.

தள்ளியது நியாயமே. கண்ணாடியை ஊடுருவி மணம் போகாது. தேய்த்துப் பெறும் மின்சாரம் ஒரு கணத்துச் சுள்ளென்ற பொறியே தவிர, தொடர்ந்து ஓடும் ஓட்டம் அன்று. 1800-இல் வோல்டாவின் மின்னடுக்கு வந்தபின்னரே இடையறாத மின்னோட்டம் மனிதன் கைக்கு வந்தது. உப்பை நீரில் கரைத்தால் அது மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரிந்து எதிரெதிர் முனைகளை நோக்கி நகர்கிறது என்பதை ஃபாரடே முதலானோர் ஆராய்ந்து, நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் தெளிவான சித்தாந்தமாக்கினார். அந்தச் சித்தாந்தம் பரவும்வரை மருந்தை மின்சாரத்தால் செலுத்தியோர் எல்லாரும் இருட்டில் கைவிளக்கின்றி நடந்தவர்களே. 1859-வாக்கில் லண்டனில் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன், மயக்க மருந்துகளை மின்னோட்டத்தால் தோலுக்குள் ஏற்றி வலியில்லாமல் சிறு அறுவைகள் செய்ததாகச் சொன்னார். மின்சாரம் இல்லாமலே அந்த மருந்துகள் அவ்வளவையும் செய்யும் என்று எதிர்த்தோர் சொன்னார்கள். மின்விளக்கால் உலகப் புகழ் பெற்ற தாமஸ் எடிசனும் இதில் தலையிட்டார் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும்: 1890-இல் பெர்லினில் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டுக்கு அவர் அனுப்பிய கட்டுரையில், கீல்வாதத்தால் கணுக்கள் புடைத்த ஒரு முதியவரின் கையை லித்தியம் உப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்னோட்டம் பாய்ச்சியதால் புடைப்பு குறைந்தது என்று எழுதியிருந்தார்.

இக்கதையில் மற்றொரு மார்ட்டனும் வருகிறார். நியூயார்க்கின் வில்லியம் ஜேம்ஸ் மார்ட்டன், ஈதர் மயக்கத்தை உலகுக்குக் காட்டிய மார்ட்டனின் புதல்வர். பாத நோய்க்குப் பெயர் தந்தவர் அல்லர். 1898-இல் இவர் மின்சாரத்தால் மருந்து செலுத்தும் முறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மெல்லிய கிராஃபைட் தூளைத் தம் கையின் தோலுக்குள் மின்னோட்டத்தால் ஏற்றி, வாரக்கணக்கில் மறையாத கரும்புள்ளிகளைக் கண்டு, துகள்கள் நுழையும் வாயில் மயிர்க்கால்களும் வியர்வைத் துளைகளுமே என்று ஊகிக்க இடம் தந்தவர் இவர். இந்த நல்ல ஆராய்ச்சியாளர் 1913-இல் கனடா தேசத்துச் சுரங்கப் பங்குகளைத் தபால்வழி விற்ற மோசடியில் தண்டனை பெற்றார் என்பது வேறு சங்கதி. ஆனாலும், மின்சார வைத்தியத்தின் வரலாற்றில் சாஸ்திரமும் சந்தையும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பதற்கு இதைவிடத் தக்க சாட்சி கிடைப்பது கடினம்.

மருந்து உண்மையில் உள்ளே போகிறதா என்ற சந்தேகத்துக்கு முதல்முறையாக நேரான விடை கொடுத்தவர் பிரான்சு தேசத்தின் நான்ட் நகரத்து ஸ்டெபான் லெடுக். அவருடைய பரீட்சை கேட்கக் கொடியது. ஆனால் அதன் தர்க்கம் அழகியது. இரண்டு முயல்களை அடுத்தடுத்து வைத்து, ஒரே மின்னோட்டம் முதல் முயலில் புகுந்து வெளியேறி, இரண்டாவதில் புகுந்து வெளியேறுமாறு இணைத்தார். முதல் முயலில் மின்னோட்டம் நுழையும் நேர்முனைத் துணியை எட்டிக்கொட்டை விஷமான ஸ்ட்ரிக்னின் உப்புக் கரைசலில் நனைத்தார்; இரண்டாவது முயலில் மின்னோட்டம் வெளியேறும் எதிர்முனைத் துணியைப் பொட்டாசியம் சயனைடு கரைசலில் நனைத்தார்; மற்ற இரு முனைகளிலும் சாதாரண நீர்தான். ஓட்டத்தை விட்டதும் முதல் முயல் ஸ்ட்ரிக்னினுக்கே உரிய வலிப்புக் கண்டு இறந்தது. இரண்டாவது சயனைடின் அறிகுறிகளோடு இறந்தது. பிறகு வேறு இரண்டு முயல்களை வைத்து, எல்லாவற்றையும் அப்படியே விட்டு, மின்னோட்டத்தின் திசையை மட்டும் மாற்றினார், இரண்டும் பிழைத்தன. அதே விஷம், அதே துணி, அதே தோல், அதே அளவு மின்சாரம். திசை மாறியதும் விஷம் உள்ளே போகவில்லை. ஸ்ட்ரிக்னினின் துகள் நேர்மின்னேற்றமுடையது, ஆகவே நேர்முனை அதை உள்ளே தள்ளும்; சயனைடின் துகள் எதிர்மின்னேற்றமுடையது, அதை எதிர்முனையே தள்ளும். தோலைத் துளைக்காமல் மருந்து உடம்புக்குள் செல்லும் என்பது இதனால் ஐயமற நிரூபணமாயிற்று. லெடுக்கின் நூல் 1908-இல் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இம்முறை, அம்மின்னேற்றத் துகள்களின் பெயரால் அயனி வைத்தியம் எனப்பட்டு, ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்தது. சாலிசிலேட், அயோடின், துத்தநாகம் என்று கரையக்கூடியதையெல்லாம் செலுத்திப் பார்த்தார்கள். ஆயினும் உள்ளே சென்ற அளவு சிறிது, சென்ற ஆழம் சிறிது. தோலடியிலுள்ள இரத்த நாளங்கள் வந்த மருந்தை உடனே வாரிக்கொண்டு போய்விடும். முயலைக் கொல்லச் சிறுதுளி போதும். மூட்டை ஆற்ற அது போதுமா என்ற கேள்வியை லெடுக் தீர்க்கவில்லை. சில பத்தாண்டுகளில் அந்த ஆர்வம் தணிந்தது.

அது மீண்டும் எழுந்ததற்குக் காரணம் மின்சாரத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் அல்ல. புதிய மருந்து ஒன்றின் வருகை. 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்து மேயோ கிளினிக்கில், பிலிப் ஹென்ச்சும் அவர் தோழர்களும், எட்வர்டு கெண்டால் பிரித்தறிந்த அட்ரினல் சுரப்பிச் சத்தை, மூட்டு வாதத்தால் படுக்கையை விட்டு எழ முடியாதிருந்த இளம்பெண் ஒருவருக்குச் செலுத்தினார்கள். சில நாளில் அவர் எழுந்து கடைவீதிக்குச் சென்று வந்தார். கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற அந்த ஸ்டீராய்டு மருந்துக்காகக் கெண்டால், ஹென்ச், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிஷப் தொனதோனி மாடிப்படி இறங்கிய கதையை நினைவூட்டும் நிகழ்ச்சிதான் இது; வேறுபாடு, இதை யார் எங்கே திரும்பச் செய்தாலும் நடந்தது என்பது. ஆனால் மாதக்கணக்கில் உட்கொண்டவர்களுக்கு முகம் பூரித்தது, எலும்பு தேய்ந்தது, மனம் தடுமாறியது. உடம்பு முழுவதும் பரவவிடாமல் நோயுள்ள இடத்தில் மட்டும் மருந்தைச் சேர்ப்பதே உபாயம் என்று கண்டு, 1951-இல் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே ஊசியால் செலுத்தும் முறையைப் பிரசுரித்தார், அவரும் பிலடெல்பியாக்காரரே. அங்கிருந்து ஸ்டீராய்டு ஊசி முழங்காலுக்கும் தோளுக்கும் குதிகாலுக்கும், பின்னர் விரலிடை நரம்புக்கும் சென்றது. ஊசி சென்ற இடமெல்லாம் ஊசியை விலக்கும் முயற்சியும் பின்தொடர்ந்தது.

முதல் முயற்சி ஒலியைக் கொண்டது. காதுக்கு எட்டாத அதிவேக ஒலி அலைகளைத் தசை நோய்க்குப் பயன்படுத்தி வந்த வியன்னா நகரத்து ஃபெல்லிங்கர், ஷ்மிட் என்னும் இருவர், 1954-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைப் பூசி அதன்மேல் ஒலிக்கருவியைத் தடவிக் கைமூட்டு வாதத்தைக் குணப்படுத்தியதாக எழுதினார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிரிஃபின் முதலியோர் 1967-இல் 102 நோயாளிகளை இரு கூறாக்கிப் பார்த்ததில், வெறும் ஒலி பெற்றவர்களைவிட ஒலியும் மருந்தும் பெற்றவர்களே மிகுதியாக நிவாரணம் கண்டார்கள். பல ஆண்டுகள் கழிந்து வேறு சிலர் அந்தக் களிம்புகளையே அளவிட்டுப் பார்த்தபோதுதான், வழக்கத்தில் இருந்த கெட்டியான வெண்களிம்புகளில் பல ஒலியைக் கடத்தாமல் தடுத்துவிடுகின்றன என்பது தெரிந்தது. மருந்தைத் தள்ளிச் செல்ல வேண்டிய அலையே உள்ளே போகாவிட்டால், குணமானவர்கள் எதனால் குணமானார்கள்?

இரண்டாவது முயற்சி வேகத்தைக் கொண்டது. மயிரிழை போன்ற துவாரத்தின் வழியே மிகுந்த அழுத்தத்தில் பீச்சப்படும் திரவம் தோலைத் தானே துளைத்துக்கொண்டு போகும் என்பதைப் பாரிஸில் கலாந்தே என்ற கருவி செய்பவர் 1866-இலேயே காட்டியிருந்தார். 1947-இல் ராபர்ட் ஹிங்சன் முதலியோர் அதை நவீன யந்திரமாக்கினர். படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் தடுப்பு மருந்து போடுவதில் அது பேர்பெற்றது. சரும வைத்தியர்கள் தழும்புகளுக்குள் ஸ்டீராய்டைப் பீச்சவும் எடுத்துக்கொண்டார்கள். ஊசி இல்லையே தவிரக் குத்து இல்லாமல் இல்லை. ஒருவர் இரத்தம் முனையில் ஒட்டி அடுத்தவர் உடம்பில் சேரும் ஆபத்து 1980-களில் அமெரிக்காவில் பரவிய கல்லீரல் அழற்சியால் வெளிப்பட்டு, 1997-இல் அந்நாட்டு ராணுவம் பலருக்கு ஒரே முனையை வைக்கும் கருவிகளைக் கைவிட்டது.

மூன்றாவது, மறக்கப்பட்டிருந்த லெடுக்கின் வழி. செயற்கைக் கை செய்வதில் புகழ்பெற்ற ஸ்டீபன் ஜேக்கப்சன் உள்ளிட்ட யூட்டா சர்வகலாசாலையினர் 1970-களின் இறுதியில், மின்கலத்தால் இயங்கி, ஓட்டத்தைத் தானே நிதானப்படுத்திக்கொள்ளும் சிறு பெட்டியொன்றைச் செய்தார்கள். அதற்கேற்ற மருந்தும் கைவசம் இருந்தது: 1958-இல் தோன்றிய டெக்சாமெதசோனின் பாஸ்பேட் உப்பு நீரில் நன்றாகக் கரையும், கரைந்ததும் எதிர்மின்னேற்றம் கொள்ளும். குரங்குகளுக்கு இதைச் செலுத்தி 1980-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தோலுக்கு அடியிலும் தசைநாண்வரையிலும் மருந்து காணப்பட்டது. சிகிச்சை நடக்கும் விதம் எளிது. வலிக்கும் இடத்தின்மேல், தோலைத் துடைத்துவிட்டு, மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் மருந்துள்ள நிறமற்ற கரைசலில் நனைத்த ஒட்டுப்பட்டையை எதிர்முனையாக வைப்பார்கள். ஒரு சாண் தள்ளிக் கெண்டைக்காலில் மற்றொரு பட்டை. ஓட்டத்தை மெல்ல மெல்ல 4 மில்லி ஆம்பியர்வரை ஏற்றி, பத்து நிமிஷம் விடுவார்கள். ஓட்டத்தைப் பாதியாக்கினால் நேரத்தை இரட்டிப்பார்கள். நோயாளிக்குக் குறுகுறுவென்று ஓர் உணர்ச்சி, பட்டையை எடுத்தபின் நாலு விரற்கடை அளவு சிவப்பு, அவ்வளவே. நம்மூரில் பிசியோதெரபிக்குப் போய்வரும் பெரியவர்கள் "கரண்ட் வைத்துக்கொண்டு வந்தேன்" என்று பொதுப்படச் சொல்வதில் தசையைத் துடிக்கவைப்பது, சூடேற்றுவது, மருந்தேற்றுவது எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன.

மருந்து விரலிடை நரம்புக்குப் போய்ச் சேர்கிறதா என்று கேட்டால், லெடுக்குக்கு முன்னிருந்த சந்தேகம் புது உடுப்பில் மறுபடி வந்து நிற்கிறது. மனிதர்களின் கையில் இம்முறையால் டெக்சாமெதசோன் செலுத்தி, அருகேயுள்ள சிரையிலிருந்து இரத்தம் எடுத்து 2002-இல் பார்த்தவர்களுக்கு அந்த இரத்தத்தில் மருந்தே அகப்படவில்லை. தோலிலேயே தங்கிவிட்டது என்று ஒரு சாரார். உள்ளே போனதே அற்பம் என்று மறு சாரார். பாதத்தில் நடந்தவற்றுள் கவனத்துக்குரிய பரீட்சை, நரம்புத் தடிப்பை ஒட்டியது அன்று, குதிகால் அடிநார் வலியை ஒட்டியது: 1997-இல் குட்மன் முதலியோர் வெளியிட்ட அதில், 40 பாதங்களில் ஒரு பகுதிக்கு டெக்சாமெதசோனும் மற்றதற்கு வெறும் போலிக் கரைசலும், யாருக்கு எது என்று நோயாளியும் அறியாமல் வைத்தியரும் அறியாமல், இரண்டு வாரத்தில் ஆறு தடவை செலுத்தப்பட்டன. சிகிச்சை முடிந்த அன்று மருந்து பெற்ற பாதங்கள் தெளிவாக முந்தி நின்றன; ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரு சாராரும் சமமாகிவிட்டார்கள். விரலிடை நரம்புத் தடிப்பிலோ, ஊசியால் செலுத்திய ஸ்டீராய்டு மூன்று மாதம்வரை பயன் தருகிறது என்று ஸ்காட்லாந்தில் 131 பேரிடம் நடத்திய பரீட்சை 2013-இல் காட்டியது. என் அபிப்பிராயம் இது: ஊசியில்லாத முறை பொய்யன்று, ஆனால் தோலுக்குக் கிட்டிய வலிக்கு விரைந்த, குறுகிய சாந்தியைத் தருவது அதன் சக்தி. குறுக்கு நார்ப்பட்டைக்கும் தடித்த உள்ளங்காலுக்கும் இடையே ஒளிந்துகொண்ட நரம்பை எட்டுவதில் ஊசிக்கு அது நிகரன்று. அகன்ற முனையுள்ள காலணியும், எலும்புத் தலைகளை விரித்துத் தாங்கும் சிறு மெத்தையும் இரண்டுக்கும் முந்தியவை என்பதைப் பாத வைத்தியர்கள் இன்றும் முதலில் சொல்கிறார்கள்.

பாதத்தில் நரம்பு வலி மிகுதியும் காண்பது நீரிழிவு உடையோரிடத்தில். ஊசிக்கு அஞ்சி இம்முறையைக் கேட்டு வருவோரிலும் அவர்கள் உண்டு. அவர்கள் விஷயத்தில்தான் சிகிச்சையாளர் மிகவும் தயங்குகிறார். எதிர்முனையின் கீழ்த் தோலில் மின்னோட்டத்தால் காரம் உண்டாகிறது. உணர்ச்சியுள்ளவர் எரிகிறது என்று சொல்லி நிறுத்தச் செய்வார், மரத்துப்போன பாதத்துக்கு உரியவரோ தோல் வெந்து புண்ணாகும்வரை அறியமாட்டார். நீரிழிவுப் பாதத்தில் அந்தப் புண் ஆறுவது எளிதன்று. ஆகையால் பெட்டியைத் திறக்குமுன் சிகிச்சையாளர் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, விரல்களிலும் உள்ளங்காலிலும் ஒருமுறை பஞ்சாலும் ஒருமுறை குண்டூசி முனையாலும் தொட்டு, எது பட்டது என்று கேட்கிறார். குண்டூசி குத்தியதைச் சொல்லத் தெரியாதவருக்கு மின்னோட்டம் வைப்பதில்லை.